புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸோ லினக்ஸோ: முதல்முறை போடுகிறவர்களுக்கு

பழைய லப்டொப்பில் புது எஸ்.எஸ்.டி.யை, அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கை, பூட்டிவிட்டு பவர் பட்டனை அழுத்தினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வரும்: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. சில லப்டொப்களில் ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். இதைக் கண்டதும் லப்டொப் பழுதாகிவிட்டது என்று நினைத்து, பையில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. லப்டொப் தன் வேலையைச் சரியாகச் செய்து, டிஸ்க்கைத் தேடிப் பார்த்து, அதில் வாசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்கிறது. புது டிஸ்க்கில் ஒன்றும் இருக்காதுதானே.

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிறவருக்குக் கடைக்குப் போய்வருவது ஒரு நாள் வேலை. லப்டொப்பை விட்டுவிட்டு வரச் சொன்னால் இன்னொரு நாளும் போகும். உயர்தரம் படிக்கிற பிள்ளையின் பாடங்கள் எல்லாம் அதற்குள் இருந்தால் ஒரு கிழமை பெரிய கிழமை. புது டிஸ்க்கில் விண்டோஸோ லினக்ஸோ போடும் இந்த வேலையை வீட்டு மேசையிலேயே செய்யலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதைவிட முக்கியமான ஒன்று: பழைய டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டால், நீங்கள் எதைப் பிழையாக அழுத்தினாலும் இழப்பதற்கு எதுவும் இல்லை. வெற்று டிஸ்க்கில் நடக்கும் பிழையை மறுபடி தொடங்கினால் சரி. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும்.

பட்டனை அழுத்திய பிறகு நடப்பது

லப்டொப்பின் தாய்ப்பலகையில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு இருந்தது பயோஸ். 2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து விற்கப்படும் லப்டொப்களில் பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகை இருக்கும். எல்லாரும் இன்றைக்கும் பயோஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அது தாய்ப்பலகையில் இருப்பதால், டிஸ்க்கைக் கழற்றினாலும் மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

கரண்ட் வந்ததும் முதலில் ஓடுவது இந்த பயோஸ்தான். ராம், கீபோர்ட், திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு டிஸ்க்கில் இ.எஃப்.ஐ. பிரிவு என்ற ஒரு சிறிய பகுதியைத் தேடும். அதற்குள் பூட்லோடர் என்ற சின்ன நிரல் இருக்கும். பயோஸ் அதை ராமுக்குள் ஏற்றிவிட்டுப் பொறுப்பை அதனிடம் கொடுக்கும். பூட்லோடர் கேர்னலை ஏற்றும். பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோமே, அதன் நடுப்பகுதிதான் கேர்னல். அது வந்த பிறகுதான் டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்கள்), சத்தம், வைஃபை, கடைசியில் உங்கள் பெயர் போட்ட முகப்புத் திரை.

இது விளங்கினால், பலர் கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பழைய டிஸ்க்கின் சி டிரைவை முழுதாகக் கொப்பி பண்ணிப் புதியதில் ஒட்டினால் என்ன? கோப்புகள் எல்லாம் வந்து சேரலாம், லப்டொப் எழும்பாது. இ.எஃப்.ஐ. பிரிவு வழமையான கோப்புறை ஜன்னலில் கண்ணுக்கே தெரியாது, அதனால் கொப்பியிலும் வராது. அது இல்லாவிட்டால் பயோஸுக்குக் கூப்பிட ஆள் இல்லை. டிஸ்க்கை அப்படியே அச்செடுக்கிற குளோனிங் மென்பொருள்கள் இருக்கின்றன, அவை பூட்லோடரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அவசரத்துக்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஏழெட்டு வருடக் குப்பை, எப்போதோ பென் டிரைவில் தொற்றிய வைரஸ், அக்டிவேட் பண்ணுவதற்கென்று யாரோ ஓடவிட்ட கிராக், எல்லாம் அப்படியே புது டிஸ்க்குக்குக் குடிவரும். காசு கொடுத்து வாங்கிய புது டிஸ்க்கில் புதிதாகப் போடுவதுதான் சரி என்பது என் எண்ணம்.

டிஸ்க்கைப் பற்றி இன்னும் ஒன்று. புது டிஸ்க் வெறும் வெளி. வயலை வரம்பு கட்டிப் பிரிப்பது போல அதைப் பிரிக்க வேண்டும். எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படும். இந்த அட்டவணையில் இரண்டு வகை. எம்.பி.ஆர். என்பது 1983இல் வந்தது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை வழமையாக அதனால் கையாள முடியாது, முதன்மைப் பிரிவுகளும் நான்குதான். ஜி.பி.டி. அதற்குப் பிறகு வந்தது. அட்டவணையின் இரண்டாவது பிரதி ஒன்றையும் டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். யூ.இ.எஃப்.ஐ.யும் ஜி.பி.டி.யும் ஒரு சோடி, பழைய பயோஸும் எம்.பி.ஆரும் ஒரு சோடி. சோடி மாறினால்தான் இன்ஸ்டோல் நடுவில் தகராறு வரும். இதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

எஸ்.எஸ்.டி. ஏன் இவ்வளவு வேகம்? பழைய லப்டொப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். வாசிக்கும் ஊசி சரியான இடத்துக்குப் போய், தட்டு சுற்றி அந்த இடம் ஊசிக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை வாசிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஒரு மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் தரவு கைக்கு வந்துவிடும். அதனால்தான் பத்து வருடப் பழைய லப்டொப்கூட எஸ்.எஸ்.டி. போட்டதும் வேறு லப்டொப் மாதிரி நடக்கிறது. செங்கற்பாதையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனாலும், உள்ளே அசையும் பாகம் இல்லாததால் ஹார்ட் டிஸ்க்கைப் போல எளிதில் அடிபடாது.

கழற்றுவதற்கு முன்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் திரும்பச் செய்யலாம், இழந்த படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

வன்னியில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. இடப்பெயர்வில் ஆல்பங்களையும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடமோ சித்தியிடமோ தப்பியிருந்த ஒரு பழைய படம், ஸ்கான் பண்ணப்பட்டு வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து, இப்போது இந்த லப்டொப்பில் மட்டும் இருக்கலாம். அம்மம்மாவின் முகம் அந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையாக இருக்கலாம். ஆகவே டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் திறந்து, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் வேண்டியது எது என்று கேளுங்கள். இன்னொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கொப்பி எடுங்கள். எடுத்த பிறகு அதில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்து, உண்மையாகவே வந்திருக்கின்றனவா என்று உறுதிப்படுத்துங்கள்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி மறந்துபோகிற இன்னொன்று பாமினி எழுத்துரு. கிராம அலுவலருக்கு எழுதிய கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பாடசாலை வினாத்தாள் என்று எத்தனையோ இன்னமும் பாமினியில்தான் இருக்கின்றன. பாமினி யூனிகோட் எழுத்துரு இல்லை. கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புதிதாகப் போட்ட விண்டோஸில் அந்த எழுத்துரு இருக்காது. கோப்பைத் திறந்தால் அம்மா என்ற சொல்கூட நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கில் சி டிரைவுக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபொன்ட்ஸ் என்ற கோப்புறையிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவிக்கிற மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். புதியதில் அதன்மேல் வலது கிளிக் பண்ணி இன்ஸ்டோல் கொடுத்தால், கடிதங்கள் எல்லாம் பழையபடி தமிழில் நிற்கும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரின்டரின் மொடல் இலக்கம், வைஃபை பாஸ்வேர்டு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தால் பிறகு மினக்கெடத் தேவையில்லை. லப்டொப் ஓரளவு புதியது என்றால் பிட்லொக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் பழைய டிஸ்க்கை வேறு கம்பியூட்டரில் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். முதலே எடுத்து எழுதி வையுங்கள்.

எது பொருந்தும், எதைப் போடுவது

பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் பூட்டுவது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. மெல்லிய பலகை போல இருக்கிற சிறியது எம்.2. அதில் பொதுவான அளவு 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும். சாட்டா, என்.வி.எம்.இ. என்பவை டிஸ்க் லப்டொப்புடன் பேசும் இரண்டு முறைகள்; எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. லப்டொப் எதை ஏற்கும் என்று அதன் மொடல் இலக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சாட்டா செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை போகும், என்.வி.எம்.இ. அதைவிடப் பல மடங்கு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்கு அன்றாட வேலையில் இரண்டுமே பெரிய மாற்றம்தான், இதற்காகக் கடன்பட வேண்டாம்.

எந்த இயங்குதளம் என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. புதிய டிஸ்க்கில் அதைப் புதிதாகப் போடுவது இனிப் பொருத்தமில்லை. விண்டோஸ் 11 என்றால் டி.பி.எம். 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்கியூர் பூட் (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஓடவிடும் பயோஸ் வசதி), 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம் வேண்டும். இன்டெல் புரொசஸராக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். தலைமுறையை ஸ்டிக்கரைப் பார்த்தே சொல்லலாம்: ஐ5 என்பதற்குப் பக்கத்தில் 7200 என்று தொடங்கினால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்து என்று வாசியுங்கள்.

ஏழும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் வகை ஒன்று. இலவசம், தமிழ் நன்றாகத் தெரியும், இணையம், சூம் வகுப்பு, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது எல்லாம் சரிவரும். கிராக் பண்ணிய விண்டோஸைவிட நூறு மடங்கு நிம்மதி. ஆனால் குறிப்பிட்ட ஒரு கணக்கு மென்பொருளோ விண்டோஸில் மட்டும் ஓடும் வேறு ஏதாவதோ வேலைக்குத் தேவை என்றால், மாறுவதற்கு முன் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்குக் காசு கட்ட வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடனேயே விற்கப்பட்ட லப்டொப்களின் சாவி தாய்ப்பலகைச் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். அதே ஹோம் அல்லது அதே புரோ பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். தங்களிடம் சொந்தச் சாவி இருப்பது தெரியாமலேயே கிராக் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனவருத்தமாக இருக்கும்.

பென் டிரைவ்

ஐ.எஸ்.ஓ. என்பது இன்ஸ்டோல் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக அடைத்து வைத்தது. விண்டோஸ் 11இன் கோப்பு 5 ஜி.பி.க்கு மேல், மின்ட் ஏறத்தாழ 3 ஜி.பி. மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தும் லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்தும் மட்டும் இறக்குங்கள். போன் டேட்டாவில் 5 ஜி.பி. பெரிய தொகைதான். நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா உள்ள பொதி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து ஒருவர் இறக்கினால், ஊரில் எல்லாருக்கும் அதே கோப்புப் போதும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் கோப்பு அரைகுறையாக இறங்கிவிடுவதும் உண்டு. தளத்தில் ஷா-256 என்று 64 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். 7-சிப் மென்பொருள் இருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் பண்ணி உங்கள் கோப்பின் எண்ணைப் பார்க்கலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் கோப்பு முழுதாக வந்திருக்கிறது.

இந்தக் கோப்பைப் பென் டிரைவில் சும்மா இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. காரணம் மேலே சொன்னதுதான்: பயோஸ் தேடுவது பூட்லோடரை, பென் டிரைவில் ஒரு பெரிய கோப்பு கிடப்பது அதற்கு ஒன்றுமேயில்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் ஐ.எஸ்.ஓ.வைப் பிரித்து, பென் டிரைவிலும் பிரிவுகளை உண்டாக்கி, பூட்லோடரை உரிய இடத்தில் எழுதும். அதில் ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ என்ற இடத்தில் ஜி.பி.டி., ‘டார்கெட் சிஸ்டம்’ என்ற இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கட்டும். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும், அதில் ஏற்கெனவே இருந்தவை எல்லாம் அழியும். இதைப் பழைய டிஸ்க் லப்டொப்பில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு வேறு கம்பியூட்டர் தேடி அலைய வேண்டி வரும். லப்டொப்பின் வைஃபை டிரைவரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, அதே பென் டிரைவில் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள்.

பூட்டுவதும் போடுவதும்

சார்ஜரைப் பிடுங்கி, பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள். சில ஸ்குரூக்கள் அடியில் உள்ள ரப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஸ்குரூக்களின் நீளம் வேறுபடும், எது எங்கிருந்து வந்தது என்று போனில் ஒரு படம் எடுங்கள். திறந்த கையோடு காற்றாடியைப் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதி அதற்குள் ஒரு படையாகக் கட்டியிருக்கும். காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். எஸ்.எஸ்.டி.க்குப் போட்ட காசின் பலன் முழுதாகக் கிடைக்க இதுவும் வேண்டும்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வையுங்கள். எம்.2க்கு என்று தனி இடம் இருக்கிற லப்டொப்பிலும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விடாதீர்கள். இரண்டும் பூட்டியிருந்தால் விண்டோஸ் இன்ஸ்டோலர் புதிய டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுவிட்டு, பூட்லோடரைப் பழைய டிஸ்க்கில் இருக்கும் இ.எஃப்.ஐ. பிரிவில் எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்று லப்டொப் எழும்பாது, யாருக்கும் காரணமும் விளங்காது.

இனிப் பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியதும் பூட் மெனுச் சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் பெரும்பாலும் எஃப்12, எச்.பி. எஃப்9, அசுஸ் எஸ்கேப். ஏசரில் இந்த மெனு பயோஸுக்குள் அணைக்கப்பட்டிருக்கலாம், எஃப்2 அழுத்தி உள்ளே போய் இயக்க வேண்டும். பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை இருந்தால், யூ.இ.எஃப்.ஐ. என்று முன்னால் போட்டதைத் தெரிவு செய்யுங்கள். சோடி பற்றிச் சொன்னேனே, அதற்காகத்தான்.

விண்டோஸ் சாவி கேட்கும் இடத்தில் ‘ஐ டோன்ட் ஹாவ் எ புரொடக்ட் கீ’ என்பதைக் கொடுக்கலாம். பிறகு வருகிற திரைதான் பலர் கை நடுங்கும் திரை: எங்கே போடுவது? அதில் ‘டிஸ்க் 0 அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரி, பக்கத்தில் 238 ஜி.பி. என்று இருக்கும். 256 வாங்கினேன், 18 எங்கே போனது என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஐ மூன்று தடவை பெருக்கிக் கணக்கிடுகிறது. அதே இடம், கணக்குத்தான் வேறு. 512 என்றால் 476 என்று காட்டும். பென் டிரைவும் இதே பட்டியலில் இருக்கலாம், அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள்.

அந்த அன்அலொகேட்டட் வரியைத் தெரிவு செய்து நெக்ஸ்ட் கொடுங்கள், அவ்வளவுதான். இ.எஃப்.ஐ. பிரிவு, 16 மெகாபைட் ஒதுக்கீடு, பெரிய சி டிரைவ், மீட்புப் பிரிவு எல்லாவற்றையும் விண்டோஸ் தானே உண்டாக்கும். சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம். 256 ஜி.பி. டிஸ்க்கில் அது வேண்டாம். கொஞ்ச நாளில் சி நிரம்பி முட்டும், டி காலியாகக் கிடக்கும். டியில் வைத்தால் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

வாங்கியது யாரோ பாவித்த எஸ்.எஸ்.டி. என்றால், டிஸ்க் எம்.பி.ஆராக இருக்கிறது, போட முடியாது என்று மறுக்கலாம். அதில் காட்டும் பிரிவுகளை ஒவ்வொன்றாக டிலீட் பண்ணி முழுவதையும் அன்அலொகேட்டட் ஆக்கிவிட்டு நெக்ஸ்ட் கொடுத்தால், ஜி.பி.டி.யாக எழுதிக்கொண்டு தொடரும். பழைய டிஸ்க் அலுமாரியில் இருப்பதால்தான் இந்த டிலீட்டைத் தைரியமாக அழுத்தலாம்.

பட்டியலே வெறுமையாக இருந்தால்? பதினோராம் தலைமுறை இன்டெல்லிலும் அதற்குப் பிந்தியதிலும் இது நடக்கும். வி.எம்.டி. என்ற இன்டெல் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் டிஸ்க் நிற்கிறது, இன்ஸ்டோலரிடம் அதற்கான டிரைவர் இல்லை. இன்டெல் ரப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பிரித்து, பென் டிரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் வந்து நிற்கும்.

முதல் தடவை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவை இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில லப்டொப்கள் மறுபடியும் பென் டிரைவிலிருந்தே எழும்பி, முதல் திரைக்கே கொண்டுவந்து விடும்.

மின்ட்டில் இன்னும் இலகு. பென் டிரைவிலிருந்தே முழுதாக எழும்பும். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே வைஃபை, சத்தம், கமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று ஆறுதலாகப் பார்க்கலாம். திருப்தி என்றால் முகப்பில் உள்ள இன்ஸ்டோல் குறியைத் திறந்து, டிஸ்க்கை அழித்துப் போடு என்ற தெரிவைக் கொடுங்கள். நேர வலயத்தில் கொழும்பு. விண்டோஸில் அதே நேரம் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்ற பெயரில் இருக்கும், பட்டியலில் கொழும்பைத் தேடிக் களைக்காதீர்கள்.

நடுவில் கரண்ட் போனால்? பற்றரி செத்த லப்டொப்களுக்கு இது உண்மையான கவலை, அதுவும் கார்த்திகை மழைக்கு. ஒன்றும் ஆகாது. கரண்ட் வந்ததும் பென் டிரைவிலிருந்து மறுபடி தொடங்கி, அரைகுறைப் பிரிவுகளை டிலீட் பண்ணிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஆனால் பயோஸ் அப்டேட் வேறு கதை. அது எழுதப்படும்போது கரண்ட் போனால் தாய்ப்பலகையே எழும்பாமல் போகலாம். பற்றரி நல்ல நிலையில், சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். புது டிஸ்க் போடுவதற்கு அது தேவையுமில்லை.

போட்ட பிறகு

விண்டோஸ் 11 தொடங்கும்போது இணையம் கேட்கும். வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தால், அண்ட்ரொய்ட் போனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, போனில் யூ.எஸ்.பி. டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்ளும். முகப்புத் திரை வந்ததும் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ (டேட்டா அளவு மட்டுப்பட்டது) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் உங்கள் டேட்டா முழுவதையும் விழுங்கிவிடும். அப்டேட்களை நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்தில் வைத்துச் செய்யலாம்.

எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய லப்டொப்களில் தாய்ப்பலகையில் இருக்கும் சின்னப் பொத்தான் பற்றரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். இணையதளங்களின் சான்றிதழ் திகதியை வைத்தே சரிபார்க்கப்படுகிறது. திகதியைத் திருத்தினால் திறக்கும், பற்றரியை மாற்றினால் பிரச்சினை முடியும்.

தமிழ் தட்டுவதற்கு விண்டோஸ் 11இல் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பழைய கடிதங்களுக்காகப் பாமினியைப் போட்டாலும், இனி எழுதுபவற்றை யூனிகோடில் எழுதுங்கள். இந்தச் சில்லெடுப்பு அடுத்த முறை இருக்காது.

எஸ்.எஸ்.டி.யை டிஃபிராக் பண்ணாதீர்கள், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலையைச் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. சுற்றும் தட்டு இல்லாததில் அதனால் பயன் இல்லை, வீணாக எழுதித் தேய்வதுதான் மிச்சம். அழித்த கோப்புகளின் இடத்தைத் துப்புரவாக்கும் ட்ரிம் என்ற வேலையை விண்டோஸும் மின்ட்டும் தாமாகவே செய்கின்றன. அதனாலேயே, எஸ்.எஸ்.டி.யில் அழித்த படத்தை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிட மிகக் கடினம்.

அலுமாரியில் உள்ள பழைய டிஸ்க் 2.5 அங்குல சாட்டா என்றால், அதற்கு ஒரு யூ.எஸ்.பி. கேசிங் வாங்குங்கள். போட்டு இணைத்தால் பழைய கோப்புறைகள் எல்லாம் அப்படியே இருக்கும், வேண்டியதை ஆறுதலாக எடுக்கலாம். இரண்டு மூன்று மாதம் அதை அழிக்காதீர்கள். வருட முடிவில் கேட்கும் ஒரு கணக்கு, யாரோ ஒருவரின் அடையாள அட்டை ஸ்கான் என்று ஏதாவது ஒன்று அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அதன் பிறகு விண்டோஸ் கோப்புறைகளை மட்டும் அழித்துவிட்டு, வீட்டுப் படங்களின் இரண்டாவது பிரதியை வைக்க அதையே பாவியுங்கள். கிர் கிர் என்று சத்தம் போடுகிற டிஸ்க்காக இருந்தால் மட்டும் அதை நம்ப வேண்டாம், இருப்பதை உடனே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.